நீலகிரியில் மேற்படிப்பு: பணம் ஒரு கணக்கில், கூரை இன்னொரு கணக்கில்

இளங்கலையோடு நிற்காமல் முதுகலை, முனைவர் பட்டம் என்று மேலே போகிற மாணவரை யார் தாங்குவது? பெற்றோரா, சொந்தச் சமூகமா, அரசா, வங்கியா, அவருடைய ஆய்வால் பயனடையும் நிறுவனமா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் மாறின, தொகைகளும் கூடின. ஆனாலும் ஒரே துறையில், ஒரே கைடிடம் ஆய்வு செய்யும் இருவரில் ஒருவர் மாதம் 37,000 ரூபாய் வாங்குவதும், மற்றவர் ஒன்றும் வாங்காமல் கட்டணம் மட்டும் கட்டி வருவதும் இன்றும் நடக்கக்கூடியதுதான்.

இந்த விடைகளை உரசிப் பார்க்க நீலகிரி பொருத்தமான இடம். உதகையில் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. அங்கே விலங்கியலும் வனவிலங்கு உயிரியலும் சேர்ந்த ஒரு துறை உண்டு. 1980இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கூடலூர் அரசுக் கல்லூரி, 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று பட்டியல் நீள்கிறது. முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கியும், குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனமும் இருக்கின்றன. ஆனால் மாவட்டத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகள் 1982இல் உருவான கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. படிப்பு மலையில், பதிவும் வாய்மொழித் தேர்வும் சமவெளியில் என்பதே பல ஆய்வாளர்களின் நிலை.

கேள்வியின் பழைய வடிவம்

ஆய்வு மாணவருக்கு உதவுவது முதலில் கொடையாகவே இருந்தது. மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியில்தான் 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படித்து முடித்தபின் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படிப் பணியில் சேர வந்தபோது பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். உதவித்தொகை ஒரு மனிதரை நியூயார்க் வரை கொண்டுபோக முடிந்தது, ஆனால் அதே அரசின் தலைநகரில் ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை. பணமும் கூரையும் தனித்தனிச் சிக்கல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தக் காலத்திலேயே தமிழ்நாட்டில் கூரையிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விப் பணி விடுதியோடு சேர்ந்தே வளர்ந்தது. பின்னாளில் நீலகிரியில் மருத்துவர் எஸ். நரசிம்மன் 1958இல் கோத்தகிரியில் தொடங்கிய ஆதிவாசிகள் நலச் சங்கமும், 1986 முதல் கூடலூரில் இயங்கும் அக்கார்டு அமைப்பும் பழங்குடிப் பிள்ளைகளின் உடல்நலம், நிலம், கல்வி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அணுகின. ஆனால் இந்த முயற்சிகளின் கவனம் பள்ளிப் படிப்பிலேயே இருந்தது. மேற்படிப்பு எட்டாத தொலைவில் இருந்த காலம் அது.

முதல் நிலைப்பாடு: தகுதிக்குப் பணம்

நன்றாகப் படிப்பவரைத் தேர்வு வைத்துப் பொறுக்கி, அவருக்குத் தாராளமாகக் கொடுப்பது முதல் விடை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, முதுகலை மாணவர்களில் கால்பங்கினருக்கு 1976க்குள்ளும் பாதிப்பேருக்கு 1986க்குள்ளும் உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நடைமுறையில் வந்தது அதைவிடக் குறுகிய ஏற்பாடு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 1984இல் தொடங்கிய இளநிலை ஆய்வு நல்கை, அதாவது ஜே.ஆர்.எஃப்., இன்று இந்த வழியின் முதுகெலும்பு. 2023 ஜனவரி முதல் அதன் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். மருந்தியல் முதுகலையில் ஜிபாட் தேர்வில் தகுதி பெற்றுச் சேர்ந்தவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் தருகிறது. தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த முதலமைச்சரின் ஆய்வு ஊக்கத்தொகை மாதம் 25,000 ரூபாய். மாநிலம் முழுமைக்கும் 120 பேர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்படுவர்.

இந்த வழியின் வலிமை, கிடைத்தவருக்கு அது உண்மையிலேயே போதுமானதாக இருப்பது. பலவீனம், கிடைக்காதவர் அதன் பார்வையிலேயே இல்லாதது. ஜே.ஆர்.எஃப்.க்கு வழியான நெட் தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாயாவது உண்டு. அதையும் நிறுத்த முயன்றபோதுதான் 2015இல் தில்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டனர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆய்வு செய்பவருக்கு அந்தத் தொகையும் கிடையாது. நீலகிரிக் கல்லூரிகளின் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாவதற்கே நேரமும் பயிற்சியும் வேண்டும், மலையிலிருந்து கோவைக்குப் போய்வரும் செலவும் வேண்டும். எனவே அது எந்த அளவுக்குத் தகுதியை அளக்கிறது, எந்த அளவுக்கு வசதியை அளக்கிறது என்ற ஐயம் நெடுநாளாக இருந்து வருகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: சமூகநீதியின் வழி

இரண்டாவது விடை, தேர்வு மதிப்பெண்ணைவிட மாணவர் எந்த நிலையிலிருந்து வருகிறார் என்பதைப் பார்க்கிறது. 1944இல் தொடங்கிய பட்டியல் சாதியினருக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகையே இதன் வேர். இன்று குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் முனைவர் பட்டம் வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் நாடு முழுவதும் ஆண்டுக்கு 750 பழங்குடி ஆய்வாளர்களுக்கு நல்கை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட ஆறு பழங்குடிகளும் வாழும் மாவட்டம் நீலகிரி. ஆகவே இந்த வழிக்கு இங்கே கூடுதல் பொருள் உண்டு. தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் பெருநூல் வெளியிட்டார். அதன்பிறகு கோத்தர்களையும் படகர்களையும் ஆராய வெளிநாட்டு அறிஞர்கள் நிதியுதவியோடு வந்துபோயினர். ஆராயப்பட்ட சமூகங்களிலிருந்து ஆராய்பவர்கள் எழ வேண்டும் என்ற வாதம் உதவித்தொகையில் வந்து நிற்பது இயல்பே.

இதன் குறைகள் மூன்று. முதலாவது, தொகையின் அளவு. மேல்நிலைக் கல்வி உதவித்தொகையில் மிக உயர்ந்த பிரிவுக்கே பராமரிப்புப் படி 2021 விதிகளின்படி ஆண்டுக்கு 13,500 ரூபாய்தான், அதுவும் விடுதியில் தங்கினால். வீட்டிலிருந்து வந்துபோனால் 7,000 ரூபாய். வீட்டிலிருந்து வருவது மலிவு என்ற சமவெளிக் கணக்கு இதன் அடியில் இருக்கிறது. இரண்டாவது, எல்லைக்கோடு. நீலகிரியின் படகர் சமூகத்தினர் பழங்குடிப் பட்டியலில் இல்லை. தங்களைச் சேர்க்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நெடுங்காலமாக நிலுவையில் உள்ளது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத ஆண்டில் ஹட்டி எனப்படும் படகர் ஊரின் சிறுவிவசாயி வீட்டு மாணவருக்கும் நெருக்கடி உண்டு, ஆனால் அவர் நுழையும் வாசல் வேறு. மூன்றாவது, திட்டங்கள் நிற்கும் இடம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பட்டப்படிப்போடு முடிந்துவிடுகின்றன. உயர்கல்வியில் நுழைய வைப்பதற்குக் காட்டிய அக்கறை, நுழைந்தவர் மேலே ஏறும்போது மெலிகிறது எனலாம்.

மூன்றாம் நிலைப்பாடு: கடன்

படிப்பால் பயனடைபவர் படிப்பவரே, ஆகவே செலவும் அவருடையதே என்பது மூன்றாவது விடை. 1963இல் தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் வந்தது. 2001இல் வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்துக்குப் பிறகுதான் இது பரவலாயிற்று. நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம். கடன் உத்தரவாத நிதியின் துணையால் ஏழரை லட்சம் வரையிலும் பிணையில்லாமல் பெற வழி இருக்கிறது. அதற்குமேல் பொதுவாகச் சொத்து காட்ட வேண்டும்.

மருத்துவத்துக்கும் மருந்தியலுக்கும் பொருந்துகிற இந்த வழி, தாவரவியலிலோ தமிழிலோ முனைவர் பட்டம் செய்பவருக்குப் பொருந்துவது கடினம். ஐந்தாண்டு ஆய்வுக்குப் பின் காத்திருப்பது மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர் பணியாக இருக்கலாம் என்றால், வங்கி தயங்குவதைப் போலவே மாணவரும் தயங்குவார். மத்திய அரசின் வட்டி மானியம் இளங்கலைக்கோ முதுகலைக்கோ ஒருமுறைதான். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. 1969ஆம் ஆண்டின் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம். பட்டா இல்லாத நிலம் வங்கிக்குப் பிணையாகாது.

நான்காம் நிலைப்பாடு: ஆய்வும் ஒரு வேலை

ஆய்வு மாணவரை மாணவராகப் பாராமல் பணியாளராகக் கொள்ள வேண்டும் என்பது நான்காவது விடை. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலர் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். இந்தியாவில் இதன் நெருங்கிய வடிவம் திட்ட நல்கை. ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வரும்போது, அதில் ஆய்வாளரின் ஊதியமும் களச்செலவும் தங்குமிடமும் சேர்ந்தே வருகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணித் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. அதற்காக மசினகுடியில் களநிலையமும் இருக்கிறது. அங்கே போகிற ஆய்வாளர் வாடகை வீடு தேட வேண்டியதில்லை. பணமும் கூரையும் ஒரே கணக்கில் அமைந்த அரிய ஏற்பாடு இது.

ஆனால் இது பெரிய நிறுவனங்களுக்கே வாய்க்கிறது. அதே காட்டின் ஓரத்தில் ஒரு மாநிலக் கல்லூரியிலிருந்து முதுகலை ஆய்வேட்டுக்கு வரும் மாணவருக்கு அந்தக் களநிலையம் இல்லை. திட்டம் முடிந்தால் ஊதியமும் நிற்கும், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் குறையும் என்ற விமர்சனங்களையும் ஒதுக்கிவிட முடியாது.

மலையில் கூரை யாருடையது?

மேற்கண்ட நான்கில் திட்ட நல்கையைத் தவிர மற்றவை பெரும்பாலும் மாணவர் யார் என்றே கேட்கின்றன. மதிப்பெண் எவ்வளவு, சாதி எது, வருமானம் எவ்வளவு என்பவை அவற்றின் கேள்விகள். எங்கே தங்குகிறார் என்பது ஓரமாகவே வருகிறது. நீலகிரியில் அந்த ஓரக் கேள்விதான் பல சமயம் முதன்மையானது.

ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி உண்டு. அதன் அளவு ஊரைப் பொறுத்தது. மத்திய அரசு விதிப்படி 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் முதல் வகை, ஐந்து லட்சத்துக்கு மேல் இரண்டாம் வகை, மற்றவை மூன்றாம் வகை. 2017இல் 24, 16, 8 விழுக்காடாக இருந்த விகிதங்கள் இப்போது 30, 20, 10. இதை 37,000 ரூபாய்க்குப் பொருத்தினால் சென்னையில் 11,100, கோவையில் 7,400, உதகையில் 3,700 என்று வரும். 2011 கணக்கெடுப்பில் உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430. எனவே விதிப்படி அது சிற்றூர்க் கணக்கில் சேர்கிறது. ஆனால் அங்கே வாடகையைத் தீர்மானிப்பது குடியிருப்போரின் எண்ணிக்கை மட்டுமல்ல, வந்துபோவோரின் எண்ணிக்கையும்தான். வாகனங்களைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கும் அளவுக்குக் கூட்டம் வருகிற ஊரில், சீசனுக்கு நாள் வாடகையில் காட்டேஜாகப் போகிற அறையை மாத வாடகைக்கு மாணவருக்கு விட உரிமையாளருக்குப் பெரிய காரணமில்லை.

புதிதாகக் கட்டி இந்த நெருக்கடியைத் தீர்ப்பதும் எளிதன்று. 1993ஆம் ஆண்டின் மலையிடக் கட்டட விதிகள் உயரத்தை ஏழு மீட்டருக்குள் நிறுத்துகின்றன. நிலச்சரிவு நேரும் மலையில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. அதன் பக்கவிளைவாக இருக்கும் அறைகளுக்குப் போட்டி கூடுகிறது.

தேயிலைத் தோட்டங்களில் கூரை வேலையோடு கட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஆனால் அச்சட்டம் சொன்ன குடும்பத்தில், சார்ந்து வாழும் பிள்ளைகள் 18 வயது நிறையாதவர்கள் மட்டுமே. 23 வயதில் எம்.எஸ்சி. படிக்கும் மகளோ மகனோ தோட்டக் குடியிருப்பான லைன் வீட்டில் இருப்பது வழக்கத்தால்தான், சட்டத்தால் அல்ல. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. இருந்தாலும் வேலை முடிந்தால் வீடும் முடியும் என்ற அடிப்படை மாறவில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அமைந்த அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டிவருவது பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். பெற்றோர் ஓய்வு பெறும் காலமும் பிள்ளை ஆய்வில் இருக்கும் காலமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வருகின்றன.

எஞ்சியது அரசு விடுதி. 2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் இவை இல்லாவிட்டால் பலருக்குக் கல்லூரியே இல்லை. கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப் படி 2023இல் மாதம் 1,100இலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய். குளிக்கவும் வெந்நீர் தேவைப்படும் ஊரிலும் அதே 50 ரூபாய்தான். மேலும் இந்த விடுதிகள் இளங்கலை மாணவரின் கல்வியாண்டை மனத்தில் வைத்து அமைந்தவை. கோடை விடுமுறையிலும் ஆய்வகத்துக்கோ காட்டுக்கோ போக வேண்டியவரின் நாட்காட்டி வேறு.

தங்காமல் வந்துபோகலாமே என்பார்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024இல் நீலகிரிக்கும் வந்தது பெரிய உதவி. ஆனால் ஆய்வக வேலை முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்கி, யானை நடமாடும் பந்தலூர்த் தோட்டப் பாதையில் இருட்டில் நடப்பதன் விலையைப் பயணச்சீட்டு காட்டாது.

இடத்துக்கு ஏற்ற உதவி: வெளியிலிருந்து இரு பாடங்கள்

சுற்றுலாவால் வாடகை ஏறிய ஊரில் ஆய்வு மாணவர் படும் பாடு நீலகிரிக்கு மட்டும் உரியதல்ல. கலிஃபோர்னியாவின் கடற்கரை ஊரான சாண்டா குரூஸில் 2019இன் இறுதியில் ஆய்வு மாணவர்கள் வாடகையை ஈடுசெய்ய மாதம் 1,412 டாலர் கூடுதலாகக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 2022இல் அவர்கள் படித்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களிலும் 48,000 பேர் இறங்கிய பெரும் போராட்டத்திலும் வாடகை முக்கியப் பொருளாக இருந்தது. ஊதியம் உயர்ந்தது. ஆனால் ஊதியம் உயர்ந்தால் வாடகையும் பின்னாலேயே உயராதா என்ற கேள்வி அங்கும் தீரவில்லை. ஜெர்மனியில் வேறு ஏற்பாடு. மாணவர் விடுதிகளையும் உணவகங்களையும் வட்டார அளவிலான பொது அமைப்புகள் நடத்துகின்றன. ஒரே வட்டாரத்தின் பல கல்லூரி மாணவர்களும் அவற்றில் தங்கலாம்.

நம் ஊரிலும் இடத்தைக் கணக்கில் கொள்ளும் முன்மாதிரி இல்லாமலில்லை. மலையில் பணியாற்றும் ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு மலைப் படியும் குளிர்காலப் படியும் தருகிறது. மலையில் வாழ்வதற்குக் கூடுதல் செலவாகும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். அந்த ஏற்பு ஆய்வு மாணவர் வரை இன்னும் நீளவில்லை.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளில் ஒன்றை மட்டும் தேர்வதில் பயன் இருப்பதாகத் தோன்றவில்லை. தகுதி நல்கை சிலரை நன்றாகத் தாங்குகிறது, சமூகநீதி உதவி பலரைக் குறைவாகத் தாங்குகிறது. கடன் சில படிப்புகளுக்கு உதவுகிறது, திட்ட நல்கை சில நிறுவனங்களுக்கு உதவுகிறது. நீலகிரியிலிருந்து பார்க்கும்போது ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பணத்தை ஒரு துறையும் கூரையை இன்னொரு துறையும் கணக்கிடும்வரை, தொகையை உயர்த்துவதால் கிடைக்கும் பயன் வாடகையில் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

தீராதவை சில இருக்கின்றன. மலைக்கென்று தனிப் படி கொடுத்தால் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் ஏற்காட்டுக்கும் அதே அளவா, இல்லை வாடகையை அளந்து ஊருக்கு ஊர் மாற்றுவதா? பல கல்லூரிகளுக்கும் பொதுவாக ஓர் ஆய்வாளர் விடுதி அமைத்தால் அதை உயர்கல்வித் துறை நடத்துவதா, நலத்துறை நடத்துவதா? மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் எல்லோருக்கும் ஓர் அடிப்படை நல்கை என்ற கோரிக்கைக்கு எதிராக, சேர்க்கை தாறுமாறாகப் பெருகும் என்ற அச்சம் சொல்லப்படுகிறது. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வாளர்கள் என்று யு.ஜி.சி.யின் 2022 விதிகள் உச்சவரம்பு வைத்திருப்பதால் அந்த அச்சம் மிகையாகத் தெரிகிறது. ஆனால் நிதிச்சுமையை மத்திய அரசும் மாநில அரசும் எப்படிப் பகிர்வது என்பதற்கு ஒத்த கருத்து இல்லை.

லைன் வீட்டிலிருந்து வரும் முதுகலை மாணவரின் குடியிருப்பு உரிமை இவற்றில் மிகக் கடினமானது. அது கல்விக் கொள்கைக்குள் மட்டும் தீராது, தொழிலாளர் சட்டமும் நிலச் சட்டமும் அதில் கலந்திருக்கின்றன. உதவித்தொகை உயர்வு பற்றிய அடுத்த அறிவிப்பு வரும்போது, அந்தத் தொகையில் உதகையிலோ கூடலூரிலோ ஓர் ஆய்வாளருக்கு ஆண்டு முழுவதும் ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது அதை மதிப்பிட ஒரு நியாயமான தொடக்கமாக இருக்கும்.